சவுந்தரம் சேர்த்துச் சொன்னது

ஜெலுத்தோங் கடலோரத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு பலகை வீட்டில் அந்தச் சபை கூடியது. மற்ற சபைகளில் ஞாயிறு ஆராதனை காலையிலேயே முடிந்துவிடும். இங்கே வருகிறவர்கள் ஆயாக்கள், சமையல்காரர்கள், ஈய ஆலையில் உலைக்கு முன்னால் நிற்கிறவர்கள். துரை வீட்டு மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். அதனால் சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம்.

அந்த நேரத்தில் வெயில் கடலில் விழுந்து, பலகை இடுக்குகளின் வழியாக உள்ளே ஏறும். சுவரெல்லாம் வெளிச்சம் நெளிந்துகொண்டிருக்கும். பாடிக் களைத்தவர்கள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வீடு மெல்ல மிதப்பது போல இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு, மார்ச் மாதம். அன்றைக்குப் பாட்டு நின்று, ஆளாளுக்கு முணுமுணுத்த ஜெபமும் அடங்கிக்கொண்டிருந்தபோது சவுந்தரம் கண்ணை மூடியிருந்தாள். அவளுக்கு நாற்பத்தொரு வயது. நார்தாம் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் இரண்டு பிள்ளைகளுக்கு ஆயா. சொந்தத்தில் யாரும் கிடையாது. சபைக்கு வந்த நான்கு வருடமாக அவளுக்குச் சில நேரம் படங்கள் தெரியும். தரிசனம் என்று மற்றவர்கள்தான் சொன்னார்கள். அவள் அதைப் படம் என்றே நினைத்துக்கொள்வாள்.

அன்று தெரிந்தது தண்ணீர். பச்சைப் பளிங்கு மாதிரி, அடிவரை தெரிகிற தண்ணீர். அதற்குள் இரண்டு கைகள், உள்ளங்கை மேலே பார்த்தபடி, பாசி அசைவது போல அசைந்துகொண்டிருந்தன. முகம் தெரியவில்லை. யாருடைய கை என்றும் தெரியவில்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது, காய்ச்சல் விட்ட உடம்பு மாதிரி. பிறகு படம் போய்விட்டது.

கண்ணைத் திறந்தாள். வீடு முழுக்க அமைதி. எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரமாகச் சபையில் யார் வாயிலிருந்தும் கர்த்தருடைய வார்த்தை என்று ஒன்றும் வரவில்லை. அவளுக்கு நேர் எதிரே நவமணி உட்கார்ந்திருந்தாள்.

நவமணியின் புருஷன் வேதமுத்து துறைமுகத்தில் சரக்கு மூட்டை எண்ணுகிற கிராணியாக இருந்தவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் முதுகில் ஒரு தேமல் வந்தது; சுட்டாலும் உறைக்கவில்லை. பெருநோய், அதாவது குஷ்டம் என்று சொல்லி ஜெரஜாக் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். சபை வீட்டு ஜன்னலைத் திறந்தால் அந்தத் தீவு தெரியும். பச்சையாக, பக்கத்தில், நீந்திப் போய்விடலாம் போல. நவமணி எப்போதும் ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாள்.

"நவமணி" என்றாள் சவுந்தரம். அவளுடைய குரல் வழக்கம்போல உயர்ந்து, வேறு யாருடையதோ போல ஒலித்தது. "உன் புருஷன் சுத்தமாகிவிட்டான் என்று கர்த்தர் சொல்லுகிறார். ஈஸ்டருக்குள் அவன் உன் வாசலில் வந்து நிற்பான்."

நவமணி உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். பக்கத்திலிருந்த அமலம்மாள் தாங்கிப் பிடித்தாள். சபையை நடத்துகிற வில்லியம் ஐயா இரண்டு கையையும் உயர்த்தி, "ஆமென்! ஆமென்!" என்று அழுதார். ஈய ஆலையில் சாமான் கிடங்கு பார்க்கிற அந்த மனிதர் அழுதால் மொத்தக் கூட்டமும் அழும். அழுதார்கள், பாடினார்கள். சவுந்தரத்தின் கையை எத்தனையோ பேர் பிடித்துக்கொண்டார்கள். பங்களாவுக்குத் திரும்பி நடக்கும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

உறுத்தல் செவ்வாய்க்கிழமைதான் தொடங்கியது. மத்தியானம் பிள்ளைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். கொசுவலைக்குள் சின்னவன் புரண்டு, மூச்சு நீண்டு, விரல் தளர்ந்தது. அவளும் தூக்கத்தின் விளிம்பில் இருந்தாள். அந்தத் தண்ணீர் மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. தண்ணீர், கைகள், குளிர்ச்சி. அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. படம் போன பிறகு கண்ணைத் திறந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். நவமணியின் முகம் தெரிந்தது. அப்புறம்தான் வாய் பேசியது.

சுத்தமாகிவிட்டான் என்பது எங்கிருந்து வந்தது? ஈஸ்டர் எங்கிருந்து வந்தது? யோசிக்க யோசிக்க அவளுக்கு வேர்த்தது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அமைதி அவளுக்குப் பிடித்திருந்தது. வாரம் முழுக்க "ஆயா" என்று மட்டும் கூப்பிடப்படுகிற ஒருத்தியை அந்த ஒரு நிமிஷம் முப்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அதற்காகப் பேசினாளா, நவமணியைப் பார்க்கச் சகிக்காமல் பேசினாளா, இல்லை உண்மையிலேயே கொடுக்கப்பட்டுத்தான் பேசினாளா? எது எதோடு கலந்தது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

மறுநாள் நவமணி பங்களாவின் பின்கேட்டுக்கு வந்தாள். ஜாதிக்காய் கிடங்கில் காய் தெரிந்தெடுக்கிற வேலை அவளுக்கு; சேலையிலிருந்து அந்த வாசனை மணத்தது. கண் பளபளத்தது. இரண்டு வருடத்தில் அவளை அப்படி யாரும் பார்த்ததில்லை.

"அக்கா, எல்லாம் பேசிட்டேன்" என்றாள் ரகசியமாக. "நூர் முகம்மது பாய் சம்பான் படகு விடுறாரு இல்ல, அவரு ஒத்துக்கிட்டாரு. பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் காவக்காரங்க சாப்பிடப் போற நேரத்துல, தீவுக்குப் பின்பக்கம் பாறை இருக்கே, அங்க எங்க வீட்டுக்காரரு வந்து நின்னா போதும். பாய் ஏத்திக்கிட்டு வந்துடுவாரு. சுத்தமாயிட்டவரை எதுக்கு அங்க வச்சிருக்கணும்? குளோரிகிட்டக்கூடச் சொல்லிட்டேன். அப்பா வந்தா எங்க படுப்பாருன்னு கேக்குது. உன் பக்கத்துலதான்னு சொன்னேன்."

குளோரி அவர்கள் மகள். ஐந்து வயது.

சவுந்தரம் கேட்டுக்கு வெளியே வந்தாள். "நவமணி, அவசரப்படாதே. முதல்ல அவரைப் போய்ப் பார்ப்போம். நானும் வர்றேன்."

"பார்த்துட்டு?"

"பார்த்துட்டுப் பேசுவோம்."

நவமணி அவளை உற்றுப் பார்த்தாள். "அக்கா, நீங்க சொன்னது கர்த்தர் சொன்னதுதானே?"

மாடியில் பிள்ளை அழுதது. அதைச் சாக்காக வைத்துச் சவுந்தரம் உள்ளே ஓடிவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் வில்லியம் ஐயா வீட்டுக்குப் போனாள். டத்தோ கிராமாட்டில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தார். அவருக்கும் அவளுக்கும் ஒரு பழைய கதை உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் குலைக்காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோது, சவுந்தரம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "நீ சாவதில்லை" என்று சொன்னாள். மூன்றாம் நாள் கஞ்சி கேட்டார். அந்த நாளிலிருந்து அவளுடைய வாயிலிருந்து வருகிற எதையும் அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்வார்.

"ஐயா, ஞாயிற்றுக்கிழமை சொன்ன வார்த்தையைச் சோதிச்சுப் பார்க்கணும்" என்றாள். "எனக்கே நிச்சயமில்லை."

அவர் சிரித்தார். "சகோதரி, இது சத்துரு கொண்டு வர்ற பயம். வார்த்தை வந்த பிறகு எப்பவும் வரும்."

"சோதிச்சுப் பார்க்கச் சொல்லித்தானே அப்போஸ்தலர் எழுதியிருக்கார்? ஒருத்தர் பேசினா மத்தவங்க நிதானிக்கணும்னு?"

"புதுசா வர்றவங்களைச் சோதிக்கணும். உங்களை எதுக்கு? நான் உயிரோட உட்கார்ந்திருக்கேனே, இதைவிடச் சோதனை என்ன வேணும்?" அவர் கண் கலங்கியது. "சந்தேகத்தை வாயால சொல்லாதீங்க. அந்தப் பொண்ணு நம்பிக்கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

அவர் பொய் சொல்லவில்லை. அவளை நேசித்துத்தான் பேசினார். அதனாலேயே அவள் எழுந்து வந்துவிட்டாள்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை தீவில் பார்வையாளர்களை அனுமதிப்பார்கள். சவுந்தரம் துரைசானியிடம் சொந்தக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி அரைநாள் வாங்கினாள். நூர் முகம்மது பாயின் சம்பானில் இரண்டு பேரும் ஏறினார்கள். காலை மூடுபனி இன்னும் கலையவில்லை. பின்னால் ஜெலுத்தோங் கரை கரைந்துபோனது; முன்னால் தீவு இன்னும் வரவில்லை. துடுப்பு தண்ணீரைத் தொடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எங்கேயும் போகாமல் ஒரே இடத்தில் நிற்கிறோம் என்றுதான் சவுந்தரத்துக்குத் தோன்றியது. காலமும் அங்கேயே நின்றுவிட்டால் நல்லது என்று நினைத்தாள்.

"நாளைக் குறிச்சு வச்சிருக்கேன் லா, பயப்படாதீங்க" என்றார் பாய், நவமணியிடம். "உங்க சாமி சொல்லிட்டாருன்னா சரிதான்."

பனிக்குள்ளிருந்து தீவின் மரங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

பார்வையாளர் கொட்டகையில் இரண்டு மரத்தடுப்புகள் இருந்தன. நடுவில் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு இடைவெளி. அந்தப் பக்கத் தடுப்புக்குப் பின்னால் வேதமுத்து வந்து நின்றான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கொஞ்சம் சதை போட்டிருந்தான். இடது காது மட்டும் தடித்திருந்தது.

நவமணி தடுப்பைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். வார்த்தை வந்தது, பாய் ஒத்துக்கொண்டது, பாறை, பெரிய வெள்ளிக்கிழமை, குளோரி அப்பா பக்கத்தில் படுக்கப்போவது. கேட்கக் கேட்க வேதமுத்துவின் முகம் திறந்துகொண்டே வந்தது. ஒரு கணம் அவன் தன் கைகளைத் தூக்கிப் பார்த்தான். இடது சுண்டுவிரல் கொக்கி மாதிரி வளைந்திருந்தது. பிறகு கையை இறக்கிவிட்டுச் சவுந்தரத்தைப் பார்த்தான்.

"அக்கா, நீங்க என்ன பார்த்தீங்க?"

"வார்த்தை வந்துச்சு தம்பி..."

"வார்த்தையை நவமணி சொல்லிட்டா. நீங்க பார்த்ததைச் சொல்லுங்க. பதினோரு வருஷம் கப்பல்ல மூட்டை எண்ணியிருக்கேன் அக்கா. இருநூறு இறங்குச்சுன்னு கூலியாளுங்களை மேய்க்கிற தண்டல் கத்துவான். நான் என் கண்ணால பார்த்த மூட்டையைத்தான் எழுதுவேன். அவன் கெட்டவன்னு இல்ல. அவனுக்கு இருநூறுன்னு தோணும், அவ்வளவுதான்."

"தண்ணிக்குள்ள இரண்டு கை" என்றாள் சவுந்தரம்.

"யார் கை?"

"தெரியலை."

"சுத்தமா இருந்துச்சா?"

அவள் கண்ணை மூடி அந்தத் தண்ணீரை நினைத்துப் பார்த்தாள். கொட்டகைக்கு வெளியே யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள்.

"தண்ணி சுத்தமா இருந்துச்சு தம்பி" என்றாள்.

வேதமுத்து தலையை ஆட்டினான். கோபப்படவில்லை. "வர்ற வாரம் கிருமி இருக்கான்னு காதுல கீறி எடுத்துப் பார்ப்பாங்க. அர்ஜுனன்னு ஆஸ்பத்திரியில மருந்து கட்டுற டிரசர் ஒருத்தர் இருக்காரு, நல்ல மனுஷன். அதுல ஒண்ணும் இல்லைன்னா அவங்க மறுபடி மறுபடி பார்ப்பாங்க, அப்புறம் அனுப்பிடுவாங்க. நான் சர்க்கார் படகுல, பட்டப்பகல்ல வர்றேன். பாறைப் பக்கமா வர மாட்டேன்."

"கர்த்தர் சொன்ன பிறகு டாக்டர் எதுக்கு?" என்றாள் நவமணி. குரல் கிறீச்சிட்டது.

"இயேசுவே பத்துப் பேரைச் சுகமாக்கிட்டு, போய் ஆசாரியர்கிட்ட உங்களைக் காட்டுங்கன்னுதானே சொன்னாரு? சுகமாக்கினவரே காட்டச் சொன்னாரு நவமணி. காட்டுறதுக்கு நான் எதுக்குப் பயப்படணும்? சுகமாயிருந்தா அது அங்கேயும் தெரியும்." வளைந்த விரலை மறு கையால் மூடிக்கொண்டான். "குளோரி என் பக்கத்துல படுக்கும்னு சொன்னியே. அதை நினைச்சுப் பார்த்தியா?"

நவமணி தடுப்பின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். திரும்பும் வழியில் மூடுபனி முழுக்க விலகியிருந்தது. இரண்டு பெண்களும் சம்பானில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமை பாய் ஒரு துண்டுக் காகிதம் கொண்டுவந்து கொடுத்தார். டிரசர் அர்ஜுனனின் கையெழுத்தில் இருந்தது. நோயாளிகள் தொட்ட காகிதத்தை வெளியே அனுப்ப மாட்டார்கள். வேதமுத்து சொல்லச் சொல்ல அவர் எழுதியிருந்தார். *இன்னும் இருக்கிறது. முன்னைவிடக் குறைவு என்கிறார்கள். பாயை வர வேண்டாம் என்று சொல்லிவிடு.* நவமணி சொல்லிவிட்டாள். பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பாறையில் யாரும் நிற்கவில்லை.

ஈஸ்டர் ஞாயிறு. பலகை வீடு நிரம்பி வழிந்தது. அக்கரையில் இருக்கிற புக்கிட் மெர்தாஜாமிலிருந்துகூட நாலைந்து பேர் படகேறி வந்திருந்தார்கள். செய்தி அங்கேயும் போயிருந்தது. எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடிந்தது. மறுபடி பாடினார்கள். வெயில் சுவரில் ஏறி, நெளிந்து, கூரைக்குப் போய்விட்டது.

கடைசியில் வில்லியம் ஐயா எழுந்தார். முகம் வாடியிருந்தது. "கர்த்தருடைய வார்த்தை வெறுமையாய்த் திரும்பாது" என்றார். "வாசலை அவர் திறந்தார். நாமதான் உள்ளே போகலை. விசுவாசம் ஒரு படகு. நாமே அதை வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டா..."

நவமணி பாயை வர வேண்டாம் என்று சொன்ன கதை சபையில் பரவியிருந்தது; அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. அமலம்மாள்தான் திரும்பி நவமணியைப் பார்த்து, தாழ்ந்த குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கொஞ்சம் நம்பியிருக்கலாம் நவமணி" என்றாள். நவமணி குளோரியை மடியில் இறுக்கிக்கொண்டாள். அவளுடைய முகத்தில் ரத்தமே இல்லை. புருஷன் வராததற்குத் தான்தான் காரணம் என்று அவள் நம்பத் தொடங்குவதைச் சவுந்தரம் கண்ணெதிரே பார்த்தாள்.

எழுந்து நின்றாள். கூட்டம் சட்டென்று அமைதியாயிற்று. சிலர் கண்ணை மூடிக் கையை விரித்துக்கொண்டார்கள், வார்த்தை வரப்போகிறது என்று.

"கண்ணைத் திறங்க" என்றாள் சவுந்தரம். அது அவளுடைய சொந்தக் குரல். பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல். "இது வார்த்தை இல்லை. நான்தான் பேசுறேன்."

பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது தண்ணிக்குள்ள இரண்டு கை. அவ்வளவுதான். சுத்தமாயிட்டான்னு தெரியலை. ஈஸ்டர்னு தெரியலை. அதெல்லாம் நான் சேர்த்துச் சொன்னது. நீங்க எல்லாரும் என்னைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க. நவமணி எதிர்ல உட்கார்ந்திருந்தா. என்னால சும்மா இருக்க முடியலை. கர்த்தர் சொல்றார்னு சொல்லிட்டேன். அவர் சொல்லலை. தப்பு என்னோடது. நவமணி விசுவாசம் குறைஞ்சதால எதுவும் நடக்காம போகலை. குறைஞ்சதுன்னு யாரும் அவகிட்டச் சொல்லாதீங்க."

வெளியே அலை இறங்கிக்கொண்டிருந்தது. சேற்றில் நண்டுகள் குமிழ் விடுகிற சத்தம்கூட உள்ளே கேட்டது. வில்லியம் ஐயா ஒரு அடி முன்னால் வந்தார். எப்போதும் சகோதரி என்று கூப்பிடுகிறவர், "அக்கா" என்றார். "அப்போ... எனக்குச் சொன்னது?"

அந்தக் கேள்வி வரும் என்று அவள் அதுவரை நினைக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தபோது, வாயெடுத்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இந்த மனிதர் நிம்மதியாகிவிடுவார் என்று தெரிந்தது.

"தெரியலை ஐயா" என்றாள். "நீங்க பிழைச்சீங்க. அதுக்குக் கர்த்தருக்கு நன்றி சொல்லுங்க. என் வார்த்தையால பிழைச்சீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்தவர்கள் எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். இன்னும் சிலர் போனார்கள். ஆசீர்வாதம் சொல்லாமலே கூட்டம் கலைந்தது.

வாசலில் நவமணி அவளுக்காகக் காத்திருந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று சவுந்தரம் நினைத்தாள்.

"அஞ்சு வாரம் அக்கா" என்றாள் நவமணி. "அஞ்சு வாரம் நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன். இனிமே எப்படி உட்காருவேன்?" சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

அதற்கப்புறம் சவுந்தரத்தை விட்டு ஆவி விலகிவிட்டது என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவள் மறுக்கவில்லை. ஞாயிறுதோறும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள், பாடினாள், அமைதி வரும்போது தலையைக் குனிந்துகொண்டாள். வில்லியம் ஐயா மூன்று வாரம் வரவில்லை. நாலாவது வாரம் வந்தபோது இளைத்திருந்தார். பிரசங்கம் பண்ணவில்லை. கூட்டத்துக்கு முன்னால் எழுந்து, இனிமேல் சபையில் யாருக்காவது வார்த்தை வந்தால் அன்றைக்கே ஆமென் சொல்ல வேண்டாம், மூன்று பேராவது ஒரு வாரம் வைத்து ஜெபித்து, யோசித்து, அதன் பிறகு சொல்லுவோம் என்றார். "என்னையும் சேர்த்துத்தான்" என்றார். சொல்லும்போது சவுந்தரத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கூட்டம் முடிந்ததும் அவளிடம் வந்து, "போன வாரமெல்லாம் கடவுளுக்கு நன்றி சொல்லிப் பார்த்தேன், சகோதரி. முன்னே மாதிரி வரலை. மெதுவா வருது" என்றார்.

நவமணி மட்டும் பேசவில்லை. சபையில் அவள் ஒரு மூலை, இவள் ஒரு மூலை. மே போய் ஜூன் வந்தது.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை நவமணி பங்களாவின் பின்கேட்டில் நின்றாள். உள்ளே வராமல், "நாளைக்குத் தீவுக்குப் போறேன். அவரு உங்களையும் கேட்டாரு" என்றாள்.

"நீ கேக்கிறியா?"

நவமணி கேட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சம்பான்ல தனியா உட்கார முடியலை அக்கா."

மறுநாள் அவர்கள் கரைக்கு வந்தபோது நீர் வற்றியிருந்தது. கடல் வெகுதூரம் உள்வாங்கி, சேறு மட்டும் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. நூர் முகம்மது பாயின் சம்பான் தரைதட்டிச் சாய்ந்திருந்தது. ஏறும் நீர் வர ஒரு மணி நேரமாகும், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் வலையைப் பிரிக்கத் தொடங்கினார். இரண்டு பேரும் கரையில் சாய்த்து வைத்திருந்த ஒரு பழைய படகின் நிழலில் உட்கார்ந்தார்கள்.

எதிரே தீவு வெயிலில் மிதந்தது. காற்று இல்லை. சவுந்தரத்தின் கண் மெல்லச் சொருகியது. ஏதோ ஒன்று தெரிய ஆரம்பித்தது, ஓரத்தில், வெளிச்சம் கூடுவது போல. அவள் அதை விரட்டவில்லை, கூப்பிடவும் இல்லை.

"குளோரிக்கு முன்பல்லு ஆடுது" என்றாள் நவமணி திடீரென்று. "அவங்கப்பாகிட்டச் சொன்னா சிரிப்பாரு."

சவுந்தரம் கண்ணைத் திறந்து அவள் பக்கம் திரும்பினாள். "மேல்பல்லா, கீழ்பல்லா?"

"கீழ்."

"விழுந்துடுச்சா?"

"இன்னும் இல்ல. நாக்கால தள்ளித் தள்ளிக் காட்டுது. ராத்திரி தூங்கும்போதுகூட வாய் அசையுது அக்கா."

நவமணி முதலில் கொஞ்சமாகச் சிரித்தாள். பிறகு மற்றதையும் சொன்னாள். கிடங்கில் நடந்தது, பக்கத்து வீட்டுக்காரர்கள் குளோரியைத் தங்கள் குழாயில் தண்ணீர் குடிக்க விடாதது, போன மாதம் வேதமுத்துவுக்கு ஊசி போட்ட இடம் வீங்கியது. சவுந்தரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். சேற்றின்மேல் நீர் ஏறி வந்து, சம்பானின் அடியில் நுழைந்து, அதை மெல்ல நிமிர்த்தியது. பாய் அவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டார்.